வளரும் நாடுகள் பணக்கார நாடுகளோடு சேர்ந்துதான் ஏறி இறங்குகின்றனவா? நீங்களே கணக்கிட்டுப் பார்க்கும் வழி

2009-இல் அமெரிக்கப் பொருளாதாரம் ஏறத்தாழ 2.5% சுருங்கியது, சீனா 9 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. உடனே "இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2007-இல் சீனா 14% வளர்ந்துகொண்டிருந்தது, அங்கிருந்து 9-க்கு வந்ததும் இறக்கம்தானே. வளர்ச்சியின் உயரம் வேறு, அது ஏறி இறங்கும் நேரம் வேறு. நாம் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

பணவீக்கமும் பருவகாலத் தாக்கமும் நீக்கிய காலாண்டு ஜிடிபியை இரண்டு தரப்புக்கும் எடுத்து, மடக்கை (log) போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுத் தரவு இன்னும் பின்னோக்கிப் போகும் என்றாலும், ஒரு நாடு இரண்டு காலாண்டு தள்ளி ஆட்டம் காண்பது அதில் தெரியாது.

அடுத்து நீண்டகாலப் போக்கைக் கழிக்க வேண்டும். பலரும் போக்கையும் ஏற்ற இறக்கத்தையும் பிரிக்கும் ஹோட்ரிக்-பிரெஸ்காட் வடிகட்டியில், போக்குக் கோடு எவ்வளவு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் லாம்டாவுக்கு 1600 வைப்பார்கள். அது தொடரின் கடைசிப் பகுதியில் தடுமாறும், நமக்கு மிகவும் வேண்டியதோ அந்தக் கடைசிப் பகுதிதான். அதனால் முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்ட வளர்ச்சி விகிதத்தை வைத்தும் ஒருமுறை பாருங்கள், இரண்டு வழியிலும் ஒரே பதில் வந்தால்தான் நான் நம்புவேன்.

சரி, இப்போது ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு தொடரும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்பதை -1 முதல் 1 வரை சொல்லும் எண். அதே காலாண்டுக்கு ஒன்று, வளரும் நாட்டின் தொடரை ஒன்றிரண்டு காலாண்டு தள்ளிவைத்து இன்னொன்று. முழுக் காலத்துக்கும் ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்தாமல், 40 காலாண்டுச் சன்னலை, அதாவது பத்தாண்டுத் துண்டை, ஒவ்வொரு காலாண்டாக நகர்த்தி மறுபடி கணக்கிட்டுக்கொண்டே போங்கள், உறவு எப்போது இறுகியது எப்போது தளர்ந்தது என்பது அப்போதுதான் புலப்படும். அப்புறம், தயவுசெய்து 2008-09, 2020 காலாண்டுகளை எடுத்துவிட்டும் ஒருமுறை போடுங்கள். அந்தச் சில புள்ளிகளே கெழுவை மேலே தூக்கிவிடும், எல்லோரும் ஒரே புயலில் நனைந்ததை ஒருவரையொருவர் பின்தொடர்ந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண் கிடைத்ததும் காரணத்தைத் தேடுங்கள். மெக்சிகோவின் ஏற்றுமதியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போகிறது, 2009-இல் அதன் பொருளாதாரம் அமெரிக்காவைவிட ஆழமாக விழுந்தது. அதே மெக்சிகோ 1995-இல் தன் சொந்த பெசோ நெருக்கடியில் 6 சதவீதம்போலச் சுருங்கியபோது அமெரிக்கா வளர்ந்துகொண்டிருந்தது. ஆக உறவு நெருக்கமாக இருந்தாலும் உள்நாட்டு அடி தனிக்கணக்கு. பணத்தின் வழியும் உண்டு: 2013-இல் அமெரிக்க மத்திய வங்கி பத்திரக் கொள்முதலைக் குறைப்பதாகப் பேசியதற்கே இந்தியா, இந்தோனேசியா, பிரேசில், துருக்கி, தென்னாப்பிரிக்க நாணயங்கள் சரிந்தன.

வளரும் நாடுகளை ஒன்றோடொன்றும் ஒப்பிடுங்கள். பொருளியலாளர்கள் கோஸ், ஓட்ரோக், பிரசாத் மூவரும் 106 நாடுகளை ஆராய்ந்தபோது, 1980-களின் நடுவிலிருந்து பணக்கார நாடுகளின் குழுவுக்குள்ளும் வளர்ந்துவரும் சந்தை நாடுகளின் குழுவுக்குள்ளும் நெருக்கம் கூடியதையும், எல்லா நாடுகளையும் ஒருசேர ஆட்டும் உலகப் பொதுக் காரணியின் பங்கு குறைந்ததையும் கண்டார்கள். செம்பு விற்கும் சிலி, பெருவை அமெரிக்காவோடு மட்டும் வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும், அவற்றின் மிகப் பெரிய வாடிக்கையாளர் இப்போது சீனா. சீனாவின் தொடரையும் பக்கத்தில் வைத்து அதே கணக்கை இன்னொரு முறை போடுங்கள்.