மைதானத்திலிருந்து மைக்குக்கு: கிளப் ஆட்டக்காரர்கள் தடுமாறும் இடங்கள்

பத்துப் பதினைந்து வருடம் கிளப் கிரிக்கெட் ஆடிவிட்டு வர்ணனைக்கு வருகிறவருக்கு ஒரு நம்பிக்கை இருக்கும். ஆட்டம் தெரியும், பேச்சும் வரும், வேறென்ன வேண்டும்? லீக் ஆட்டங்களில் மிதவேகம் வீசிக்கொண்டிருந்த நானும் அந்த நம்பிக்கையோடுதான் வந்தேன். முதல் நாள் பேசியதில் ஒரு மணி நேரத்தைப் பதிவு செய்து, இரவில் உட்கார்ந்து கையில் பேனாவோடு கேட்டேன். "நல்ல பந்து" என்று முப்பத்தொரு முறை சொல்லியிருந்தேன். ஸ்கோரைச் சொன்னது நான்கே முறை. இரண்டு ஓவர்களில் வீசுகிறவர் பெயரே வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்கிறவருக்கும் தெரியும் என்று மனம் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் மைக்கில் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் ஸ்கோர். மைதானத்தில் நிற்கும்போது நாம் ஸ்கோர் கேட்பதில்லை, பலகை கண்ணெதிரே இருக்கும். வானொலியையோ செயலியையோ இப்போதுதான் திறந்தவருக்கு அந்தப் பலகை நாம்தான். அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் மைக் பக்கத்தில் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றை வைத்திருப்பார். மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். அவ்வளவு அனுபவசாலிக்கே நினைவூட்ட ஒரு பொருள் தேவைப்பட்டது. நான் ஒவ்வொரு ஓவர் முடிவிலும், ஓவர் நடுவில் மூன்றாவது பந்துக்குப் பிறகும் சொல்வது என்று பழக்கிக்கொண்டேன். முதல் வாரம் செயற்கையாக இருந்தது. அப்புறம் கை தானாக ஸ்கோர் தாளுக்குப் போகும்.

அடுத்தது "நல்ல பந்து" விஷயம். அது கிளப் ஆட்டக்காரரின் பாஷை. மிட் ஆஃப் இடத்தில் ஃபீல்டிங் நின்று கைதட்டும்போது அது போதும், பந்து எங்கே விழுந்தது என்று கூட இருக்கிற பத்துப் பேரும் பார்த்திருப்பார்கள். வானொலியில் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. 1927 ஜனவரியில் ட்விக்கன்ஹாமில் நடந்த இங்கிலாந்து - வேல்ஸ் ரக்பி ஆட்டத்தை பிபிசி நேரடியாக ஒலிபரப்பியபோது வர்ணித்தவர் டெடி வேக்லம். அவரும் ஹார்லெக்வின்ஸ் கிளப்புக்கு ஆடிய ரக்பிக்காரர்தான். ஆட்டத்தைப் பார்வையற்ற ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள் என்று, பார்வையிழந்த ஒருவரையே அருகில் உட்கார வைத்திருந்தார்கள். நூறு வருடம் ஆகப்போகிறது, இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து வரவில்லை. நண்பர் ஒருவரைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லுங்கள். ஒரு ஓவரைச் சொல்லுங்கள். பிறகு தாளில் ஃபீல்டிங் அமைப்பை அவரை வரையச் சொல்லுங்கள். வரைய முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் வர்ணிக்கவில்லை.

"நல்ல பந்து, விட்டுவிட்டார்" என்பதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு சாண் வெளியே, குட் லெங்த்தில் விழுந்து லேசாக வெளியே போகிறது. முன்காலை நீட்டினார், கடைசி நொடியில் மட்டையை உள்ளே இழுத்துக்கொண்டார். கீப்பர் நெஞ்சு உயரத்தில் வாங்குகிறார்." எட்டு நொடிகூட ஆகாது. கீப்பர் எந்த உயரத்தில் வாங்கினார் என்பதிலேயே ஆடுகளத்தில் எழும்பல் இருப்பது தெரிந்துவிடுகிறது. இதைப் பார்க்கிற கண் கிளப் ஆட்டக்காரருக்கு ஏற்கனவே இருக்கிறது. வருடக்கணக்கில் பழகிய கண். சொல்லத்தான் பழகவில்லை.

இனி, பலரின் பாதையையே கெடுக்கிற தவறு. வர்ணனை அறையில் இரண்டு விதமான நாற்காலிகள் உண்டு. ஒன்று பந்துக்குப் பந்து சொல்கிறவருடையது. மற்றது பந்து முடிந்ததும் ஏன், எப்படி என்று விளக்குகிற நிபுணருடையது. நிபுணர் நாற்காலிக்குப் பெரும்பாலும் சர்வதேச ஆட்டக்காரர்களைத்தான் அழைக்கிறார்கள். டெஸ்ட் ஆட்டத்தின் ஐந்தாம் நாள் மட்டையோடு நின்றவர் சொல்வதற்கு வேறு கனம் உண்டு, அது நியாயம்தான். கிளப் ஆட்டக்காரர் அந்த நாற்காலியில் கண் வைத்துக்கொண்டு, கிடைத்த முதல் நாற்காலியிலும் நிபுணர் மாதிரியே பேசினால் இரண்டும் போய்விடும். "நான் ஆடின காலத்தில்" என்று தொடங்கும் வாக்கியங்களை முதல் ஒரு வருடமாவது விட்டுவிடுங்கள். பக்கத்தில் முன்னாள் டெஸ்ட் வீரர் இருக்கும்போது உங்கள் வேலை, அவருக்குத் தெரிந்ததை வெளியே கொண்டுவரும் கேள்வியைக் கேட்பது. "இந்த ஃபீல்டிங்கை வைத்துக்கொண்டு அடுத்த பந்தை எங்கே போடுவீர்கள்?" என்று கேட்டால் அவர் பேசுவார். "ஃபீல்டிங் தப்பு, இல்லையா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று முடித்துவிடுவார். எங்கே மேலே கேட்கலாம் என்று கண்டுபிடிக்க உங்கள் கிளப் அனுபவம் உதவும். அந்த அனுபவத்தின் பலன் அங்கேதான் தெரியும்.

பந்துக்குப் பந்து சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்தே உயர்ந்தவர்கள் குறைவில்லை. ஹர்ஷா போக்ளே ஹைதராபாத்தில் லீக் கிரிக்கெட் ஆடியவர், பத்தொன்பது வயதிலேயே அகில இந்திய வானொலியில் பேச ஆரம்பித்துவிட்டார். 1991-92ல் இந்திய அணி ஆஸ்திரேலியா போனபோது ஏபிசி வானொலி அவரை அழைத்தது. இங்கிலாந்தின் ஜான் ஆர்லட் முதலில் சவுத்தாம்ப்டனில் போலீஸ்காரர். பிறகு பிபிசியில் கவிதை, இலக்கிய நிகழ்ச்சிகள் தயாரித்தவர். 1946ல் இங்கிலாந்து வந்த இந்திய அணியின் ஆட்டங்களிலிருந்துதான் அவருடைய வர்ணனை வாழ்க்கை தொடங்கியது. பிபிசியில் அன்றைக்கு வழக்கமாக இருந்த மேட்டுக்குடிக் குரல் அவருக்குக் கிடையாது. ஹாம்ப்ஷயர் வட்டார உச்சரிப்பை அவர் கடைசிவரை மறைக்கவும் இல்லை. தொலைக்காட்சியில் கேட்ட யாரோ ஒருவரின் குரலை உடுத்திக்கொண்டு வருகிற புதியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடன் வாங்கிய குரல் இருபது ஓவர் தாங்கும். நாள் முழுக்கத் தாங்காது.

மைக்கே கிடைக்காவிட்டால்? மற்ற வேலைகளைத் தட்டிக்கழிப்பதுதான் தவறு. ஸ்கோரர், புள்ளிவிவரம் எடுப்பவர், எல்லைக்கோட்டருகே பேட்டி எடுப்பவர், தயாரிப்பு உதவியாளர் எல்லாம் உள்ளே போகிற வாசல்கள்தான். பிபிசியின் ஸ்கோரர் ஆர்தர் ரிக்லி 1965ல் இறந்தபோது, கிளப் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பில் ஃப்ரிண்டல் தானாகவே கடிதம் எழுதி அந்த வேலையைக் கேட்டார். 1966ல் சேர்ந்தவர், 2009 ஜனவரியில் இறக்கும்வரை அந்த நாற்காலியை விடவில்லை. அவர் குரலும் ஆட்டத்தோடு சேர்ந்தே கேட்டது.

தொலைக்காட்சிக்குப் போகும்போது எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும். ஒரு டெஸ்ட் நாளில் 90 ஓவர், 540 பந்து. ஒரு பந்து ஓடுவது ஆறு நொடி என்று வைத்தாலும் மொத்தம் ஒரு மணி நேரம்கூட வராது. ஆட்ட நேரமோ ஆறு மணி. மீதி ஐந்து மணி நேரத்தையும் பேசி நிரப்ப வேண்டும் என்று புதியவருக்குப் பதற்றம் வரும். "ஆஃப் பக்கம் அடித்தார், பவுண்டரி" என்று பார்ப்பவர் கண்ணால் பார்த்ததையே திரும்பச் சொல்லுவார். படத்தோடு சேர்க்க ஏதாவது இருந்தால் மட்டும் பேசு என்பது ஆஸ்திரேலிய வீரராக இருந்து வர்ணனைக்கு வந்த ரிச்சி பெனோவின் கொள்கை. அவர் பெயருக்காக அழைக்கப்பட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். 1956 இங்கிலாந்து சுற்றுப்பயணம் முடிந்ததும், டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, லண்டனில் தங்கி பிபிசியில் பயிற்சி எடுத்தார். டெஸ்ட் ஆட்டக்காரரே பயிற்சிக்குப் போனார் என்றால், நாம் பயிற்சி இல்லாமல் உட்காரலாமா?

காதுக்குள் இயக்குநர் பேசிக்கொண்டே இருப்பதும் புதியவர்களைக் கவிழ்க்கும். "அடுத்து ரீப்ளே, பத்து நொடியில் விளம்பரம், எட்டு, ஏழு" என்று எண்ணிக்கொண்டிருப்பார். நீங்கள் வாக்கியத்தைச் சரியாக பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். ஒரு காதில் செய்தி ஓடவிட்டுக்கொண்டு ஆட்டத்தை வர்ணித்துப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் பிடிபடும்.

விதிகளைப் பற்றிக் கிளப் ஆட்டக்காரர்களுக்கு ஒரு அலட்சியம் உண்டு. ஆடி ஆடித் தெரிந்துகொண்டவை என்பதால் புத்தகத்தைத் திறப்பதில்லை. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி 2022 அக்டோபரில் சிலவற்றை மாற்றியது. கேட்ச் பிடிக்கும் முன் பேட்டர்கள் ஒருவரையொருவர் கடந்திருந்தாலும், ஓவர் முடிந்திருந்தாலொழிய, புதிதாக வருகிறவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும். பந்து வீசுமுன் கோட்டை விட்டு வெளியேறும் நான்-ஸ்ட்ரைக்கரை (மறுமுனையில் நிற்கும் பேட்டரை) அவுட் ஆக்குவது 'நியாயமற்ற ஆட்டம்' பிரிவிலிருந்து சாதாரண ரன் அவுட் பிரிவுக்குப் போய்விட்டது. பழைய நினைவில் "கடந்துவிட்டார்கள், எனவே மறுமுனையில் இருந்தவர் ஆடுவார்" என்று நேரலையில் சொன்னால், அதைக் கேட்ட ஒரு பையன் அடுத்த ஆட்டத்தில் அம்பயரோடு சண்டை போடுவான். பெயர்களும் அப்படித்தான். ஆட்டம் தொடங்குமுன் வீரரிடமே போய் "உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

உடைமாற்றும் அறைப் பேச்சை மைக் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். 2006 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த டெஸ்டில் தென்னாப்பிரிக்காவின் முஸ்லிம் வீரர் ஹாஷிம் அம்லா கேட்ச் பிடித்தபோது, விளம்பர இடைவேளை என்று நினைத்து வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ் அவரைப் 'பயங்கரவாதி' என்று சொன்னார். தென்னாப்பிரிக்காவில் அது அப்படியே ஒலித்தது. ஜோன்ஸ் மன்னிப்புக் கேட்டார், ஆனாலும் ஒளிபரப்பு நிறுவனம் அவரை உடனே நீக்கியது. மைக் அணைந்திருக்கிறதா என்பது இதில் இரண்டாவது கேள்விதான். அந்தச் சொல் வாயில் தயாராக இருந்தது என்பதே பெரிய தவறு, அதை ஓய்வறையிலேயே நிறுத்த வேண்டும்.

மாதிரிப் பதிவு அனுப்பும்போது தொலைக்காட்சிக் காட்சியின் மேல் உங்கள் குரலை ஏற்றி இணையத்தில் போடாதீர்கள். உரிமை வேறொருவருடையது, நீக்கிவிடுவார்கள். உங்கள் கிளப் ஆட்டத்தை அனுமதி வாங்கிப் படம் பிடித்து, அதில் பேசுங்கள். விக்கெட் விழுந்த ஓவரை மட்டும் வெட்டி அனுப்பாமல், ஒன்றுமே நடக்காத ஒரு ஓவரையும் சேர்த்து அனுப்புங்கள். தேர்வு செய்கிறவர்கள் அதைத்தான் உற்றுக் கேட்பார்கள்.

கடைசியாக, ஆட்டம் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது. தோற்கிற ஆட்டத்தில் கிட் பையைக் கட்டிவைக்கிற பழக்கம் கிளப்பில் எல்லோருக்கும் உண்டு. ஆலன் மக்கில்வ்ரே நியூ சவுத் வேல்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிவிட்டு ஏபிசி வானொலிக்கு வந்தவர், ஆஸ்திரேலியாவே அறிந்த குரல். 1960 டிசம்பர், பிரிஸ்பேன், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்ட், கடைசி நாள். ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 233. தேநீர் வேளையில் ஆறு விக்கெட் போய்விட்டது, இன்னும் நூற்றிருபதுக்கு மேல் வேண்டும். மக்கில்வ்ரே, முன்னாள் டெஸ்ட் வீரர் கீத் மில்லரோடு சிட்னி விமானத்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அவர்கள் போன பிறகு ஆஸ்திரேலியாவின் டேவிட்சனும் பெனோவும் நின்று ஆடினார்கள். வெஸ் ஹால் வீசிய கடைசி ஓவரில் மூன்று விக்கெட்டுகள் விழுந்தன. வெஸ்ட் இண்டீஸின் ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து பந்தை எறிந்து ஸ்டம்பை நேராக அடித்தார். இரு அணிக்கும் சம ரன், டெஸ்ட் வரலாற்றில் முதல் 'டை'. சிட்னியில் இறங்கிய பிறகுதான் மக்கில்வ்ரேவுக்குச் செய்தி கிடைத்தது.