டாம்கோ கரைசல் தயாரிப்பது எப்படி? முதல் முறை கையாள்பவர்களுக்கு

1975-இல் அபர்தீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின்கள் என்ற ஓபியாய்டு பெப்டைடுகளை (அமினோ அமிலச் சிறு சங்கிலிகளை)ப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள்தான். ஆனால் திசுவில் சேர்த்ததும் பெப்டிடேஸ் நொதிகள் அவற்றை வேகமாக வெட்டிவிடும். அதனால் ஓபியாய்டு ஏற்பிகளை, அதாவது மார்ஃபின் போன்றவை பற்றிக்கொள்ளும் புரதங்களைப் பற்றிப் படிக்க, நொதிகளுக்கு எளிதில் வெட்டுப்படாத செயற்கை என்கெஃபலினான டாம்கோவைப் பயன்படுத்துகிறோம். இது அந்த ஏற்பிகளில் மியூ என்ற வகையையே பெரிதும் நாடும்.

1. அவசரமாகத் திறக்காதீர்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பி அறை வெப்பத்துக்கு வரட்டும். குளிர்ந்த பொடி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பொடி மூடியில் ஒட்டியிருக்கலாம்; ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜில் சுற்றிவிடுங்கள். கையுறை கட்டாயம்.

2. கணக்கு. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். டாம்கோவின் மூலக்கூறு எடை 513.6. அப்படியானால் 1 மி.கி.யை 1.95 மி.லி. தண்ணீரில் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல் வரும். ஆனால் பொடியில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். பகுப்பாய்வுச் சான்றிதழில் நிகர பெப்டைடு 80% என்று இருந்தால், அதே 1 மி.கி. பொடிக்கு 1.56 மி.லி.தான் ஊற்ற வேண்டும். சில நிறுவனங்கள் நிகர அளவையே நிரப்பித் தருகின்றன. சான்றிதழைப் படிக்காமல் பிப்பெட்டைத் தொடாதீர்கள்.

3. பங்கிடுங்கள். 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து −20 டிகிரியில் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம்.

4. நீர்த்தல். நானோமோலார் அளவில் பெப்டைடு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மாணவனாக இருந்தபோது சாதாரணக் குழாய்களில் நீர்த்துவிட்டு, மருந்தளவு-விளைவு வளைகோடு வலப்பக்கம் நகர்ந்ததற்குத் திசுவைக் குறை சொல்லி இரண்டு வாரம் வீணாக்கினேன். பெப்டைடு ஒட்டாத வகைக் குழாயும், 0.1% மாட்டு சீரம் ஆல்புமின் கலந்த தாங்கல் கரைசலும் போதும். பத்துப் பத்து மடங்காக நீர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் பிப்பெட் முனையை மாற்றுங்கள். 10 மைக்ரோமோலார் கரைசலில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மி.லி. திசுத்தொட்டியில் விட்டால் ஏறத்தாழ 100 நானோமோலார்.

5. நலோக்சோன். இது ஓபியாய்டு ஏற்பிகளை அடைக்கும் மருந்து. மின்தூண்டல் கொடுத்த கினிப்பன்றிச் சிறுகுடலில் டாம்கோ சுருக்கத்தைக் குறைக்கும். அப்புறம் நலோக்சோன் சேர்த்தால் சுருக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், நீங்கள் பார்த்தது ஓபியாய்டு விளைவுதானா என்று சந்தேகப்படுங்கள். விலங்குத் திசு என்பதால் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அதே திசுவில் நலோக்சோனுக்குப் பிறகு இன்னொரு வளைகோடு வேண்டாம். புதுத் துண்டு எடுங்கள்.