குதிரைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி? கணக்குப் போடும் முறை

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒரு கத்தியவார் இனப் பெட்டைக் குதிரையை வாங்கி வந்தேன். தினமும் புல் போட்டும் ஒரே மாதத்தில் விலா எலும்பு எண்ணுகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். கட்டியிருந்த கயிற்றையும் மரக்கம்பத்தையும் கடித்துக்கொண்டே இருந்தாள். நோய் ஒன்றும் இல்லை, என் கணக்கில்தான் தப்பு.

முதலில் எடை

டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், பிடரி முடிகிற மேட்டோடு சேர்த்து நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். குதிரை மூச்சை வெளியே விட்டதும் அளவைப் பாருங்கள். அடுத்து, தோள் எலும்பின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் கடைசி வரை நீளம். தையல் டேப் 150 செ.மீ.தான் இருக்கும், நெஞ்சைச் சுற்றப் பத்தாது. இழுத்தால் நீளாத நாடாவால் சுற்றி, பேனாவால் குறித்து, பிறகு தரையில் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

நெஞ்சுச் சுற்றளவு × நெஞ்சுச் சுற்றளவு × நீளம் ÷ 11,880 = எடை (கிலோ; அளவுகள் செ.மீ.யில்)

என் குதிரைக்கு 160 × 160 × 140 ÷ 11,880. ஏறக்குறைய 300 கிலோ.

அதில் 2 சதவீதம்

300 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 6 கிலோ தீனி. இதில் புல், உலர்தீவனம் மட்டுமே 4.5 கிலோவுக்குக் குறையக் கூடாது. குதிரையின் குடல் நாரை நம்பி இயங்குவது.

நான் சறுக்கிய இடம்

அந்த 6 கிலோ, ஈரத்தை நீக்கிய உலர் எடை. நானோ 6 கிலோ பச்சைப் புல்லை நிறுத்துப் போட்டுவிட்டு, சரியாகப் போடுகிறோம் என்று நிம்மதியாக இருந்தேன். நான் போட்டது கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுத் தீவனப் புல். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அப்படியென்றால் அவள் வயிற்றுக்குள் போனது வெறும் 1.2 கிலோ. இன்று நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

உங்கள் புல்லை நீங்களே சோதித்துப் பாருங்கள். 1 கிலோ பச்சைப் புல்லைப் பொடியாக நறுக்கி, எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை வெயிலில் உலர்த்துங்கள். எனக்கு 220 கிராம் நின்றது. வெயிலில் காய்ந்ததிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும், அதைக் கழித்தால் சுமார் 200 கிராம். 4.5 கிலோ உலர் எடை வேண்டுமென்றால், 4.5 ÷ 0.2 = 22.5 கிலோ பச்சைப் புல்.

கோ-4 மட்டும் போடாதீர்கள். அதில் உள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, நாளாக ஆக எலும்பு பலவீனமாகும். நான் அந்த 22.5 கிலோவில் 5 கிலோவைப் பச்சைக் குதிரைமசாலாகக் கலக்கிறேன். பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனம், சுண்ணாம்புச் சத்தும் அதிகம். சூபாபுல் தழை வேண்டவே வேண்டாம், பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும்.

கொள்ளும் தவிடும்

மீதி 1.5 கிலோவுக்கு 1 கிலோ கொள்ளு, அரைக் கிலோ கோதுமைத் தவிடு. வேலை இல்லாமல் நிற்கிற குதிரைக்கு நல்ல புல் இருந்தால் இதுவும் தேவைப்படாது. கொள்ளை ஊறவைக்கும் முன்பே நிறுத்துவிடுங்கள். படியால் அளக்காதீர்கள், ஒரு படி கொள்ளும் ஒரு படி தவிடும் ஒரே எடை இல்லை. கொக்கி வைத்த டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று வாங்குங்கள், சாக்கோடு புல்லையும் அதிலேயே நிறுக்கலாம். கொள்ளையும் தவிட்டையும் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். எந்த மாற்றத்தையும் 7 முதல் 10 நாளில் மெல்ல மெல்லச் செய்யுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து.

தினம் 30 கிராம் உப்பு. தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: தன் குதிரை 18 கிலோ என்று வருவதாக ஒருவர் எழுதியிருந்தார். அங்குலத்தில் அளந்திருக்கிறார். அங்குலம் என்றால் 11,880க்குப் பதில் 728ஆல் வகுங்கள். இன்னொருவர் குட்டிக்கு இதே கணக்கைப் போட்டிருந்தார். இது வளர்ந்த குதிரைக்கு மட்டும்தான். குட்டிக்கும் சினைக் குதிரைக்கும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பும் தோலுமாக இருக்கும் குதிரைக்கு, இப்போதைய எடைக்கு அல்லாமல் இருக்க வேண்டிய எடைக்குக் கணக்குப் போட்டு, அந்த அளவை இரண்டு வாரத்தில் மெதுவாக எட்டுங்கள்.