குழுவாகக் கிளம்பினாலும் எல்லையில் தனித்தனிதான்: ஐரோப்பாவில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய பயணத் தவறுகள்

ஜெர்மனியில் முதுகலை படித்தபோது ஒரு டிசம்பரில் ஆறு பேர் சேர்ந்து பக்கத்துச் செக் நாட்டின் பிராக் போனோம். திரும்பி வரும்போது இரவு இரண்டரை மணி இருக்கும், எல்லை தாண்டியதும் பேருந்து ஓரங்கட்டியது. விளக்குகளைப் போட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி வரிசையாகப் பாஸ்போர்ட் கேட்டுக்கொண்டே வந்தார்கள். எங்களில் ஒருவன் பர்ஸிலிருந்து ரெசிடென்ஸ் பெர்மிட் (தங்கும் அனுமதி) அட்டையை மட்டும் எடுத்து நீட்டினான். பாஸ்போர்ட் ஹாஸ்டல் அறையில், மேசை டிராயரில் இருந்தது. தொலைந்துவிடக் கூடாது என்று பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறான். அவனை மட்டும் கீழே இறக்கி வேனுக்குள் அழைத்துப் போனார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, எச்சரித்து அனுப்பினார்கள். ஏறி வந்தவனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பயணத்துக்காக இரண்டு வாரம் வாட்ஸ்அப் குழுவில் பேசியிருக்கிறோம். எங்கே தங்குவது, எந்தப் பாலத்தில் போட்டோ எடுப்பது என்று எல்லாம் பேசினோம். 'எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்தாச்சா?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாராவது பார்த்திருப்பார்கள் என்ற நினைப்புதான் குழுப் பயணத்தின் பெரிய தவறு. தனியாகப் போகிறவர் நாலு தடவை சரிபார்ப்பார். குழுவில் போகும்போது அந்தப் பயம் போய்விடுகிறது. ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரிக்குக் குழு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவருடைய காகிதமும் தனித்தனிதான்.

முதலில் அடிப்படை விதி. தங்களுக்கு இடையிலான எல்லைகளில் வழக்கமான சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன் பகுதி, இப்போது அதில் 29 நாடுகள் இருக்கின்றன. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்தன. இந்த 29 நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் ரெசிடென்ஸ் பெர்மிட் உங்களிடம் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். ஆனால் அட்டையும் பாஸ்போர்ட்டும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும், இரண்டும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். 'ஷெங்கனுக்குள் சோதனையே கிடையாது' என்று சீனியர்கள் சொல்வது பழைய கதை. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ரயிலிலும் பேருந்திலும் ஏறிக் கேட்பார்கள்.

குழுவில் யாருக்காவது பெர்மிட் புதுப்பிப்பில் இருந்தால் அங்கேதான் பெரிய ஆபத்து. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கொடுக்கும் இடைக்காலத் தாளை எல்லோரும் பெர்மிட் மாதிரியே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஜெர்மனியின் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 81-இன் எந்த உட்பிரிவில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 4-ஆம் உட்பிரிவு என்றால் நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வரலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் அந்தத் தாளை வைத்து மறுபடி உள்ளே வர முடியாது. ஒரு சின்னக் கட்டத்தில் போட்ட பேனாக் குறிதான், படிப்பு ஆண்டே அதில் தொங்குகிறது. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். நண்பனுக்காகப் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

பிரிட்டனில் படிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பிரிட்டிஷ் மாணவர் விசாவை வைத்து ஷெங்கனுக்குள் நுழைய முடியாது. வகுப்பில் ஐரோப்பிய நண்பர்கள் டிக்கெட் போடுகிறார்கள் என்று நீங்களும் போட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு விசா தேவையில்லை, இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குத் தேவை. அதிக நாள் தங்கப்போகும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்கும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாடு. கட்டணம் 90 யூரோ, முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள்வரை இழுக்கும். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. அப்புறம் ஒன்று: லண்டனிலிருந்து பாரிஸ் போகும் ரயிலுக்கு பிரெஞ்சு எல்லைச் சோதனை லண்டன் ஸ்டேஷனிலேயே நடந்துவிடும். காகிதம் சரியில்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார், மற்றவர்கள் ரயில் ஏறிவிடுவார்கள்.

கண்ணுக்கே தெரியாத எல்லையும் உண்டு. டப்ளினில் படிப்பவர்கள் பெல்ஃபாஸ்டுக்கும் ஜயன்ட்ஸ் காஸ்வேக்கும் ஒருநாள் பேருந்துச் சுற்றுலா போவது வழக்கம். வழியில் வழக்கமான சோதனைச் சாவடி கிடையாது, சாலைப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறுவதுதான் ஒரே அடையாளம். ஆனால் நீங்கள் நுழைந்திருப்பது வட அயர்லாந்து, அது பிரிட்டனின் பகுதி. அயர்லாந்து மாணவர் அனுமதி அங்கே செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு பிரிட்டிஷ் விசா வேண்டும். 'யாரும் பார்க்க மாட்டார்கள், பலர் போய்வந்திருக்கிறார்கள்' என்பார்கள். பார்த்துவிட்டால் பின்னால் போடும் ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உடம்புக்கு வந்தால் காப்பீடு இருக்கிறதே என்ற நினைப்பும் பாதிதான் சரி. ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்களிடம் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் அதை டென்மார்க், ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியாது. பனிச்சறுக்கு ஆசையோடு மாணவர்கள் போவது அந்த சுவிட்சர்லாந்துக்குத்தான்! தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள், மலை மீட்பும் அதில் சேருமா என்று படித்துப் பாருங்கள்.

சுவிட்சர்லாந்தில் போன் கட்டணமும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் விதி அந்த நாட்டைக் கட்டுப்படுத்தாது. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஜெர்மன் பக்கம் நின்றாலே போன் எதிர்க்கரையின் சுவிஸ் நெட்வொர்க்கைப் பிடித்துவிடும். ரோமிங்கை அணைத்துவிட்டு வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். கடையிலும் ஏடிஎம்மிலும் 'யூரோவில் கழிக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான்.

வாடகைக் கார் எடுத்தால் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் மட்டுமே ஓட்ட வேண்டும், எந்தெந்த நாட்டுக்குள் கொண்டுபோகலாம் என்பதையும் அதிலேயே பாருங்கள். இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறிய ஆறு மாதம்வரைதான் செல்லும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு ஆண்டுச் சாலை வரி வில்லை 40 ஃபிராங்க், இரண்டு நாளுக்குப் போனாலும் அதே தொகை. இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: பையில் கஞ்சா எதுவும் யாரிடமும் இல்லையே? ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர்கள் சிறிதளவு வைத்திருக்கலாம். எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம். ஒரே காரில் ஐந்து பேர் இருந்தால் யாருடையது என்று தெரியும்வரை ஐந்து பேரும் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக, எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் போட்டு 'பொறுப்பானவர்' ஒருவரிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பை திருடு போனால் ஆறு பேரும் அந்த ஊரிலேயே மாட்டிக்கொள்வீர்கள். இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுக்கும்தான், ஆனால் அது இந்தியாவுக்கு ஒருவழியாகப் போகத்தான் பயன்படும். படிக்கும் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றால் புதுப் பாஸ்போர்ட்டே வேண்டும் என்று தூதரகத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் உள்ளூர் போலீஸ் புகார் நகலை வாங்குங்கள், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் அன்றே எழுதுங்கள். பாஸ்போர்ட், பெர்மிட் இரண்டின் ஸ்கேனும் உங்கள் மின்னஞ்சலிலும் இன்னொரு நண்பரின் போனிலும் இருந்தால் அந்த வேலை பாதியாகக் குறையும்.