நியூஜெர்சியில் திவால் மனு: வீட்டைக் காத்துக்கொள்ள அதன் மதிப்பை எடுப்பது எப்படி?

சாப்டர் 7 என்பது, சட்டம் காக்காத சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குத் தந்துவிட்டு, பெரும்பாலான மீதிக் கடன்களிலிருந்து விடுவிக்கும் திவால் மனு. அதில் வீடு நிற்குமா, கைவிட்டுப் போகுமா என்பது பெரும்பாலும் ஒரே எண்ணைப் பொறுத்தது: மனுப் பதிவாகும் நாளில் அந்த வீடு சந்தையில் என்ன விலை பெறும் என்பது. எங்கள் குடும்பத்துக்காக இந்த வேலையை முன்னின்று முடித்தவன் என்ற முறையில், நியூஜெர்சியில் சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டே கடனில் சிக்கித் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழக்கறிஞரை அமர்த்திவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: விலக்குத் தொகை. அதாவது, மார்ட்கேஜ் பாக்கி போக வீட்டில் உங்களுக்கு மிஞ்சும் மதிப்பில் சட்டம் காத்துத் தரும் பங்கு. குடியிருக்கும் வீட்டுக்கென நியூஜெர்சி மாநிலச் சட்டத்தில் தனி விலக்கு இல்லை. ஆனால் ஃபெடரல் விலக்கைத் தேர்ந்துகொள்ளலாம். 2025 ஏப்ரல் 1 முதல் பதிவாகும் மனுக்களுக்கு அது ஒருவருக்கு 31,575 டாலர். வீடு இருவர் பெயரிலும் இருந்து, கணவனும் மனைவியும் சேர்ந்து மனுச் செய்தால் 63,150 டாலர்.

படி 2: கடன் பாக்கி. மாதாந்திர மார்ட்கேஜ் அறிக்கையை நம்ப வேண்டாம். கடனை இன்றே முழுதாக அடைக்க எவ்வளவு வேண்டும் என்று வங்கி தரும் 'பேஆஃப் ஸ்டேட்மென்ட்' கேட்டு வாங்குங்கள். சேர்ந்துவிட்ட வட்டியும் கட்டணங்களும் அதில்தான் வரும்.

படி 3: மதிப்பு. என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இந்தப் படிதான், ஏனெனில் ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு விலை சொல்வார்கள். சில்லோ போன்ற வீட்டு விலைத் தளங்களின் எண் வீட்டின் உள்ளே எட்டிப் பார்க்காதது. அதை ஆதாரமாகக் காட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். நகராட்சியின் வரி மதிப்பும் அப்படியே பயன்படாது. ஒவ்வொரு ஊருக்கும் மாநில வரித்துறை வெளியிடும் விகிதத்தால் அதை வகுக்க வேண்டும்: வரி மதிப்பு 2,40,000 டாலர், விகிதம் 60 சதவீதம் என்றால் சந்தை மதிப்பு ஏறத்தாழ 4 லட்சம். இது குத்துமதிப்புக்கு மட்டுமே உதவும்.

ரியல்டர் (வீட்டு விற்பனை முகவர்), அண்மையில் விற்ற அக்கம்பக்க வீடுகளோடு ஒப்பிட்டுத் தரும் அறிக்கை, விலக்குக்குள் தாராளமாக அடங்கும் வீட்டுக்குப் போதும். எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு உரிமம் பெற்ற அப்ரைசரின் (சொத்து மதிப்பீட்டாளரின்) எழுத்து வடிவ அறிக்கையே வேண்டும்; அந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்ரைசரிடம் முதலிலேயே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: இது திவால் மனுவுக்கானது, வீடு இன்று இருக்கும் நிலையில் மதிப்பிடப்பட வேண்டும், மதிப்பீட்டுத் தேதி மனுத் தேதியை ஒட்டி இருக்க வேண்டும். மறுகடனுக்கோ விற்பனைக்கோ என்று அவர் எண்ணிக்கொண்டால் கேள்விகளே வேறாகிவிடும். அவர் வரும்போது கூடவே நடந்து, பேஸ்மென்ட் சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறிய தடத்தையும், வயதான கூரையையும், பழுதுபார்க்க வாங்கிய எஸ்டிமேட்டையும் காட்டுங்கள். பேஸ்மென்ட்டை அறைகளாகத் தடுத்திருந்தாலும் அதன் சதுர அடி வீட்டின் மொத்தப் பரப்பில் சேராது, தனியாகத்தான் மதிப்பிடப்படும். ஒப்பிட எடுத்த வீடுகளுக்கும் அப்படியே செய்திருக்கிறாரா என்று அறிக்கையில் சரிபாருங்கள்.

படி 4: கணக்கு. சந்தை மதிப்பு 4,80,000 டாலர், பாக்கி 3,90,000 என்று கொள்வோம். விற்பனைச் செலவை 8 சதவீதம் என வைத்துக்கொண்டால் 38,400 போக 51,600 மிஞ்சும். தம்பதியருக்கு இது முழுவதும் விலக்குக்குள் அடங்கிவிடுகிறது. தனி ஒருவருக்கு 20,025 வெளியே நிற்கும். ஆனால் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட நியமிக்கப்படும் டிரஸ்டியின் ஊதியமும் விற்பனைப் பணத்திலிருந்துதான் வரும். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு முதல் 5,000 டாலருக்கு 25 சதவீதம், அடுத்த 45,000க்கு 10 சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 5 சதவீதம். இந்த ஊதியமே அந்த 20,025ஐ விழுங்கிவிடலாம் என்பதால், கடன் கொடுத்தவர்களுக்கு எதுவும் மிஞ்சாத வீட்டை விற்க அவர் முனைவது அரிது. இருந்தாலும் இந்த நூலிழையை நம்பி மனுச் செய்யுமுன் வழக்கறிஞரிடம் கணக்கைக் காட்டிவிடுங்கள். சாப்டர் 7 மனுவை, பதிந்த பின் நினைத்தபடி திரும்பப் பெற முடியாது.

மதிப்பைக் குறைத்து எழுதலாமா என்று எண்ணவே வேண்டாம். கடன் கொடுத்தோர் கூட்டத்தில் டிரஸ்டி உங்களிடம் சத்தியப்பிரமாணம் வாங்கிக்கொண்டுதான் விசாரிப்பார். அந்த எண் எப்படி வந்தது என்றும் கேட்கலாம். ஐயம் வந்தால் தம் ஆளையே அனுப்பிப் பார்ப்பார். சொத்தைத் தெரிந்தே மறைப்பது ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய ஃபெடரல் குற்றம். விலக்கைத் தாண்டும் மதிப்பு உண்மையிலேயே இருந்தால் சாப்டர் 13 இருக்கிறது: அந்த மதிப்புக்கு ஈடான தொகையாவது மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கடன் கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேரும்படி கட்டிக்கொண்டு வீட்டை வைத்துக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சுட்டிக்காட்டினார்கள். மனுவுக்கு முந்தைய 730 நாள்களும் ஒரே மாநிலத்தில் குடியிருக்காதவர்களுக்கு முந்தைய மாநிலத்தின் விலக்குச் சட்டம் பொருந்தக்கூடும். வேலை மாறி அண்மையில் வேறு மாநிலத்திலிருந்து நியூஜெர்சியின் எடிசன் பக்கம் வந்தவர்கள் இதை முதலில் பார்த்துவிட்டுப் படி 1க்கு வாருங்கள். இரண்டாவது, விலக்கு டிரஸ்டியிடமிருந்துதான் வீட்டைக் காக்கும், மார்ட்கேஜ் வங்கியிடமிருந்து அல்ல. தவணை பாக்கி வைத்திருப்பவர்கள் சாப்டர் 7 முடிந்த பின்னும் வீட்டை இழக்கலாம் என்பதால், அந்தப் பாக்கியைத் தவணையாக அடைக்க இடம் தரும் சாப்டர் 13 பற்றி முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.