நன்றி நோட்டில் 'மேற்படி' என்று எழுதியவன் சொல்கிறேன்

என் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு கிடக்கிறது. நன்றி சொல்ல வேண்டியவற்றைத் தினமும் எழுதலாம் என்று ஒரு ஜனவரி முதல் தேதி ஆரம்பித்தது. முதல் நாள்: அம்மா, ஆரோக்கியம், வேலை. இரண்டாம் நாள்: ஆரோக்கியம், வேலை, நண்பர்கள். பன்னிரண்டாம் நாள் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: மேற்படி. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத் தாள்.

சோம்பேறித்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் எழுதிய விதத்திலேயே கோளாறு.

நன்றிக்குரியதை எழுதி வந்தால் மனம் லேசாகும் என்பது வாட்ஸ்அப் கதை அல்ல. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை அப்படி எழுதியவர்கள், அன்றாட எரிச்சல்களை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைத் திருப்தியாகப் பார்த்தார்கள். 2005-ல் மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளரின் குழு வேறு மாதிரி செய்து பார்த்தது. ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களை எழுத வேண்டும். கூடவே ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்தும் அதன் பலன் தெரிந்தது.

ஊரெல்லாம் பரவியது 'மூன்று விஷயம்' மட்டும்தான். 'ஏன்' வழியிலேயே தொலைந்துபோனது. என்னைக் கேட்டால் முதல் தவறு, பெரிய தவறு, இதுதான். 'ஆரோக்கியம்' என்று எழுதும்போது மனத்தில் எந்தப் படமும் வராது. ரேஷன் கார்டில் பெயர் எழுதுவது மாதிரி கை எழுதிவிட்டுப் போகும். 'டீக்கடைக்காரர் நான் கேட்காமலே சர்க்கரை குறைத்துப் போட்டார், போன வாரம் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார்' என்று எழுதிப் பாருங்கள். அங்கே ஒரு ஆள் இருக்கிறார், ஒரு செயல் இருக்கிறது, அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நம் மொழிக்கு இது புதிதல்ல. பழந்தமிழில் 'நன்றி' என்றால் செய்த நன்மை, உதவி. 'நன்றி மறப்பது நன்றன்று' என்று குறள் சொல்லும்போது, மறக்கக் கூடாதது தேங்க்ஸ் சொல்வதை அல்ல, அந்தக் காரியத்தை.

எண்ணிக்கையைக் கூட்டுவது அடுத்தது. மூன்று போதாது, பத்து எழுதுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். ஆறாவதோடு மூளை நின்றுவிடும். 'நம்மிடம் நல்லது இவ்வளவுதான் போல' என்று தோன்ற ஆரம்பிக்கும். உளவியலாளர் நார்பர்ட் ஷ்வார்ஸ் குழு 1991-ல் காட்டியது இதைப் போன்ற ஒன்று. தாங்கள் தைரியமாகப் பேசி நின்ற தருணங்களில் ஆறைச் சொல்லச் சொன்னவர்களைவிட, பன்னிரண்டைச் சொல்லச் சொன்னவர்கள்தான் தங்களைத் தைரியம் குறைந்தவர்களாக மதிப்பிட்டார்கள். பன்னிரண்டைத் தேடி எடுக்கப் பட்ட சிரமமே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

தினமும் எழுதியே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் அப்படித்தான். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் கூட இருந்தவர்களும் ஆறு வாரம் நடத்திய சோதனையில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. பழகிப்போனால் எதுவும் கண்ணில் படாது, அவ்வளவுதான். நான் இப்போது செய்வது: தினமும் கவனிப்பது, ஞாயிறு இரவு மட்டும் எழுதுவது.

பழகிப்போனதை உடைக்க இன்னொரு வழியும் உண்டு. இருப்பதை எண்ணாமல், அது இல்லாமல் போயிருந்தால் என்று யோசிப்பது. தங்கள் துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய விதங்களை எழுதியவர்கள் உறவில் கூடுதல் திருப்தி அடைந்ததாக 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த வருஷத்தை நினைத்துக்கொண்டு ஒருமுறை குழாயைத் திறந்தால் போதும்.

இனி வருவதுதான் ஆபத்தான தவறு. நன்றியை வாயடைக்கும் துணியாக்குவது. ஓவர்டைம் சம்பளம் கேட்டால் 'வேலை இருக்கேன்னு சந்தோஷப்படு'. கணவன் அடிக்கிறான் என்றால் 'குடிக்காதவனாச்சே'. இதை அடுத்தவர் சொன்னால் நமக்குக் கோபம் வரும். அதையே நாமே நம் நோட்டில் எழுதிக்கொள்ளும்போது அது பக்குவம் மாதிரி தெரியும். தவறு நடக்கிற இடத்தில் கோபம்தான் சரியான பதில். நன்றி நோட்டு புகார் மனுவுக்கு மாற்று ஆகாது.

மருந்துக்கும் மாற்று ஆகாது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இந்தப் பயிற்சிகளால் கிடைக்கும் பலன் சிறியதுதான் என்று தெரிந்தது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டால் நோட்டை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

கடைசித் தவறு, எல்லாவற்றையும் தாளிலேயே வைத்துக்கொள்வது. உதவியவருக்கு ஒரு கடிதம் எழுதி நேரில் போய்ப் படித்துக் காட்டுவதும் செலிக்மன் குழு சோதித்த ஒன்று. ஒரு மாதம் வரை நல்ல பலன். மூன்று மாதத்தில் அது மறைந்தது. அதனால் அவ்வப்போது செய்ய வேண்டியிருக்கிறது. தயக்கம் நமக்குத்தான். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018-ல் கண்டது: கடிதம் எழுதுகிறவர், வாங்குகிறவர் சங்கடப்படுவார் என்று மிகைப்படுத்திக்கொள்கிறார், அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்து எண்ணுகிறார்.

ஆனால் நம் வீட்டில் அம்மாவிடம் 'நன்றி' என்றால் உடம்புக்கு என்னவோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சொல்லை விட்டுவிடலாம், காரியத்தைச் சொன்னால் போதும். பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் நாலரை மணிக்கு எழுந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்ததை, இருபது வருஷம் கழித்து, கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாமா ஞாபகம் வெச்சிருக்கே?" என்றார். அப்புறம் அப்போது யார் வீட்டில் பால் வாங்கினோம், அந்த ஸ்டவ் எப்படிப் புகையும், அப்பா என்ன திட்டுவார் என்று அரை மணி நேரம் அவரே பேசிக்கொண்டிருந்தார். காய் அப்படியே கிடந்தது.