எல்லாம் வல்ல கடவுள் தர்க்கப்படி சாத்தியமா? விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தன்னால் தூக்க முடியாத கல்லைக் கடவுளால் படைக்க முடியுமா?" முடியும் என்றாலும் முடியாது என்றாலும் அவரால் முடியாத ஒன்று இருப்பதாகிவிடும், இதுதான் கல் புதிர். இந்தக் கேள்வியைக் கையிலெடுக்கும் புதியவர்கள், ஆத்திகரானாலும் நாத்திகரானாலும், ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஆளைத் தாக்குவது, பேச்சை மாற்றுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. வாதம் உடைகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

வல்லமைக்கு வரையறை சொல்லாமல் தொடங்குவது

முரண்பாடு இல்லாத எதையும் செய்ய வல்லவர் என்பது 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் சொன்னது. கணித உண்மைகளே கடவுளின் விருப்பத்தால் ஆனவை, வட்டத்தின் ஆரங்கள் சமமில்லாதபடியும் அவர் செய்திருக்கலாம் என்று 1630இல் பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட் கடிதம் எழுதினார். இரண்டில் எதைப் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"தன் இயல்புக்கு ஏற்றதையெல்லாம் செய்பவர்" என்ற மூன்றாவது வரையறை நிற்காது. காதைச் சொறிவதைத் தவிர எதற்கும் இயல்பில்லாத ஒருவன், காதைச் சொறிந்ததுமே எல்லாம் வல்லவனாகிவிடுவான்.

"கடவுள் தர்க்கத்துக்கு அப்பாற்பட்டவர்" என்று தப்பிப்பது

எத்தனை முறை சுட்டிக்காட்டினாலும் திரும்பத் திரும்ப வரும் தவறு இது. எரிச்சலூட்டுவதும் இதுதான், ஏனென்றால் சொல்பவர் தன் கட்சியையே தோற்கடிக்கிறார்.

கல் புதிரிலிருந்து தப்ப இது உதவும் என்பது உண்மைதான். தத்துவவாதி ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1964இல் இதைக் காட்டினார்: கடவுளால் ஒரு முரண்பாட்டை நிகழ்த்த முடியுமென்றால் இன்னொன்றையும் முடியும். தூக்க முடியாத கல்லைப் படைப்பார், அதைத் தூக்கவும் செய்வார்.

இதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். "கடவுள் கல்லைத் தூக்கினார்", "தூக்கவில்லை" இரண்டும் உண்மை என்று வைத்துக்கொள்வோம்.

1. "தூக்கினார்" உண்மை. ஆகவே "தூக்கினார் அல்லது கடவுள் இல்லை" என்பதும் உண்மை. "அல்லது" வாக்கியத்துக்கு ஒரு பக்கம் உண்மையானால் போதும்.
2. "தூக்கவில்லை" என்பதும் உண்மை. ஆகவே முதல் பக்கம் அடிபட்டுப் போகிறது.
3. மிஞ்சுவது: கடவுள் இல்லை.

"முடியும் என்றுதானே சொன்னேன், நடந்தது என்றா சொன்னேன்?" என்று கேட்பார்கள். சரி, நடக்கக்கூடும் என்றே கொள்வோம். அப்போதும் கடவுள் இல்லாதிருப்பது நடக்கக்கூடியதாகிவிடும். அவர் இல்லாமல் இருக்கவே முடியாது என்ற கோட்பாடு அங்கேயே போயிற்று.

இதைத் தவிர்க்க ஒரே வழி, முரண்பாட்டிலிருந்து எதுவும் பின்தொடரும் என்ற விதியை ஏற்காத தர்க்கத்துக்குப் போவது. தர்க்கவியலாளர் கிரஹாம் பிரீஸ்ட் 1979இல் முன்வைத்தது அப்படிப்பட்டது. அங்கே மேலே உள்ள 2ஆம் படி செல்லாது. போவதென்றால் எந்த விதியைக் கைவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். "அப்பாற்பட்டவர்" என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்யாது. அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே "ஆகவே" போடுவதும் கூடாது.

கல் புதிரில் "முடியாது" என்றதும் குறை கண்டுவிட்டதாக எண்ணுவது

"அப்படிப்பட்ட கல்லைப் படைக்க முடியாது" என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். பத்து டன்னோ பத்தாயிரம் டன்னோ, அவர் படைக்கும் எந்தக் கல்லையும் அவரால் தூக்க முடியும் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. தத்துவவாதி வேட் சாவேஜ் 1967இல் இதைத் தெளிவாக எழுதினார். ஒரு கொத்தனார் தன்னால் தூக்க முடியாத சுவரைக் கட்டுகிறாரே என்றால், கட்டும் திறமையோடு அவருடைய தூக்கும் பலத்துக்கு எல்லை இருப்பதும் அதற்குக் காரணம்.

"படைப்பார், படைத்ததும் வல்லமையை இழப்பார்" என்ற பதிலும் உண்டு. வல்லமை கடவுளை விட்டுப் பிரியாத இயல்பு என்று நம்புகிறவர் அதைப் பயன்படுத்த முடியாது.

புதிர் தீர்ந்தது, ஆகவே கடவுள் உண்டு என்பது

முரண்பாடில்லாததெல்லாம் இருந்தாக வேண்டியதில்லை.

தீமைப் பிரச்சினையை இதோடு கலப்பது

தீமை இருக்கும்போது எல்லாம் வல்ல, முற்றும் நல்ல கடவுள் இருக்க முடியாது என்று தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1955இல் வைத்த வாதத்துக்கு வல்லமை மட்டும் போதாது. கடவுள் முற்றும் நல்லவர், தீமை உண்டு என்ற இரண்டும் வேண்டும். அதை அப்படியே எல்லாச் சமயத்தின் மீதும் வீசக்கூடாது. சைவ சித்தாந்தத்தில் பதியைப் (இறைவன்) போலவே பசுவும் (உயிர்) பாசமும் (உயிரைப் பிணிக்கும் தளை) அனாதி, அதாவது தொடக்கமில்லாதவை. பாசத்தில் ஒன்றான ஆணவ மலத்தை, அதாவது உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கை, சிவன் உண்டாக்கவில்லை, ஆகவே "ஏன் தீமையைப் படைத்தார்?" என்ற கேள்வி அங்கே எழாது. மலபரிபாகம் (மலம் பக்குவப்பட்டு நீங்கும் நிலை) வரும்வரை காத்திருப்பது ஏன், அதை ஒரு நொடியில் வரவழைக்க முடியாதா என்றுதான் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் சித்தாந்தி பதில் சொல்லியாக வேண்டும்.